ஹால்ல ஒரு லூப் ஆன்டெனா, மூணு வருஷம், ஒரு ஃபேன்

போன வாரம் லூப்போட (மரச்சட்டத்துல ஒயர் சுத்துன ரேடியோ ஆன்டெனா) கேங் கண்டென்சர, அதான் ட்யூன் பண்றதுக்குத் திருப்பற தகடு அடுக்க, திருப்புனா பாதில சிக்கிக்கிச்சு. கழட்டிப் பாத்தா தகடுங்க நடுவுல பல்லி முட்டை ஓடு. குஞ்சு பொரிச்சு போயே போச்சு, ஓடு மட்டும் எனக்கு. நான் வேற வேகத்துல அழுத்தித் திருப்புனதுல ரெண்டு தகடு வளைஞ்சு உரசுது. பிளேடு விட்டு ஒண்ணொண்ணா நிமித்திட்டிருக்கும்போதுதான் புதுசா ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசன்ஸ் வாங்கின ஒரு தம்பி போன் பண்ணான், "அண்ணா, எங்க அபார்ட்மென்ட்ல மொட்டமாடில ஒயர் கட்ட விட மாட்டேங்கறாங்க, வீட்டுக்குள்ளயே லூப் போட்டா கீழ் அலைவரிசை, லோ பேண்டெல்லாம் கேக்குமா?"ன்னு. இருந்த கடுப்புல "போடாத"ன்னு சொல்லி வச்சுட்டேன். அது நியாயமில்லன்னு அப்புறம் தோணுச்சு, அதான் இது.

செட்டப் சிம்பிள்தான். பக்கத்துக்கு ஒரு மீட்டர்னு சதுரமா மரச்சட்டம், 7 சுத்து ஒயர், ரிச்சி தெருல பழைய ரேடியோ பார்ட்ஸ் கடைல பொறுக்குன 500 பிகோஃபாரட் கேங், ரேடியோவுக்கு சிக்னல் எடுக்கற பிக்கப்புக்குத் தனியா ஒரு சுத்து. மீடியம் வேவ் முழுக்க வரும். 472ல இருந்து 479 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கற 630 மீட்டர் ஹாம் பேண்டுக்கு (பேண்டுக்குப் பேரே அலை நீளம்தான்) எறங்கணும்னா கேங்குக்குப் பேரலலா 100 பிகோஃபாரட் மைக்கா கண்டென்சர் ஒண்ணு, 160 மீட்டருக்கு 4 சுத்துல டேப் (நடுவுல இருந்தே ஒரு இணைப்பு).

கேக்கத்தான் இது, அனுப்ப இல்ல. அனுப்பவும் ஆசப்பட்டு ஒரு மீட்டர் விட்டத்துல காப்பர் பைப் வளைக்கலாம்னு கணக்கு போட்டுப் பாத்தேன். 40 மீட்டர்ல அந்த சைஸ் லூப்போட ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் (அலையா வெளிய போற பங்கு) 0.006 ஓம், பைப்போட லாஸ் மட்டுமே 0.03 ஓம் பக்கம், அதாவது 10 வாட் குடுத்தா ஒண்ணு ஒன்றரை வாட் வெளிய போகும், மீதி பைப்ப சூடாக்கும். அந்த 10 வாட்டுக்கே கண்டென்சர்ல ஆயிரம் வோல்ட்டுக்கு மேல நிக்கும். 80 மீட்டர்ல இன்னும் கேவலம், ஒன்னர ரெண்டு சதவீதம் தேறுனா பெருசு. குழந்தைங்க ஓடற ஹால்ல இது வேண்டாம்னு விட்டுட்டேன்.

இப்ப ஃபேனுக்கு வரேன். என்னோட மூணு வருஷ வயித்தெரிச்சலே இதுதான். கரண்ட் பில்ல குறைக்கலாம்னு நானே போய் பிஎல்டிசி ஃபேன் வாங்கிட்டு வந்தேன், சாதா ஃபேன் 75 வாட் இழுக்கற இடத்துல இது 30 வாட்தான் இழுக்குது, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆனா உள்ள இருக்கற ஸ்விட்ச்சிங் சப்ளை இருக்கே, ரிமோட்ட அமுக்குன அடுத்த செகண்ட் 160 மீட்டர் பூரா எஸ் 9க்கு (ரேடியோவோட சிக்னல் மீட்டர்ல ரொம்ப உயரம்) ஒரு இரைச்சல், ஸ்பீட மாத்துனா அதோட சுருதியும் மாறும். அதனால ரேடியோ கேக்கணும்னா ஃபேன ஆஃப் பண்ணணும். மே மாசம் சென்னைல, மூணாவது மாடில, (தெரு லைட்டுக்குள்ள இருக்கற டிரைவர் சர்க்யூட்டோட இரைச்சல் வேற ஒரு பக்கம்) பனியனோட ஹெட்ஃபோன் மாட்டிட்டு உக்காந்திருக்கறவன வீட்ல எப்படிப் பாப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

லூப்ப திருப்பி இரைச்சல நல் (null) பண்ணிடலாமேன்னு, அதாவது லூப்புக்குக் காது கேக்காத திசைல அத வச்சுடலாமேன்னு கேப்பீங்க. பண்ணலாம், இரைச்சல் ஒரே திசைல தூரத்துல இருந்து வந்தா. வீட்டுக்குள்ள அப்படி வராது, ஃபேன்ல பொறக்கறது சுவத்துக்குள்ள ஓடற வயரிங் முழுக்கப் பரவி நாலு பக்கத்துலயும் இருந்து வரும், எந்தப் பக்கம் திருப்பறது? சட்டத்த ஒரு முழம் நகத்துனாலே கதை மாறிடும். நான் ஹால்ல தரைல சாக்பீஸ் மார்க்கெல்லாம் போட்டு வச்சிருந்தேன், வேலைக்கு வர்ற அக்கா மாப் போட்டு அழிச்சுட்டாங்க.

ஆனா ஒண்ணு, முழுப் பழியும் ஃபேன் மேல போட முடியாது. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் லூப்ல இருந்து பிக்கப்ப கழட்டிட்டேன், கேபிள் மட்டும் சும்மா தரைல கெடக்குது, இரைச்சல் முக்கால்வாசி அப்படியே இருக்கு! அப்பதான் மண்டைல ஏறுச்சு, இத்தன நாளா ஆன்டெனாவா வேலை பாத்தது லூப்பு இல்ல, அந்த கோஆக்ஸ் கேபிளோட வெளி உலோக உறை. ரிக்கோட (ரேடியோ செட்டு) பவர் சப்ளை வழியா மெயின்ஸோட சேந்துகிட்டு வீட்டுக் குப்பைய எல்லாம் அள்ளிட்டு வந்து ரிக்குல கொட்டிட்டிருந்திருக்கு. 31 மிக்ஸ் ஃபெரைட் டொராய்டுல (உறை மேல ஓடற இரைச்சலத் தடுக்கற காந்தப் பொருள் வளையம்) கேபிள 12 சுத்து சுத்திப் போட்டேன், எஸ் 9 எஸ் 5 ஆச்சு. லூப்ப ரெண்டு வருஷமா திட்டுனதுக்கு அதுகிட்ட மன்னிப்பு கேக்கணும். தம்பி, மரம் வாங்கறதுக்கு முன்னாடி அந்த டொராய்ட வாங்கு.

அதுக்கப்புறம்தான் லூப்போட உண்மையான குணம் தெரிஞ்சுது. எங்க பில்டிங் லிஃப்ட் கிழக்குப் பக்கம், மோட்டார் டிரைவ் ஓடும்போதெல்லாம் கர்ருன்னு வரும். அது தூரத்துல ஒரே எடத்துல இருக்கறதால லூப்போட விளிம்ப வடக்கு தெற்கா வச்சா அப்படியே முங்கிடுது. ராத்திரி 882 கிலோஹெர்ட்ஸ்ல இலங்கையோட புத்தளம் ஸ்டேஷன், சென்னைக்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கு, பக்கத்து ரூம்ல பேசற மாதிரி தமிழ்ல வருது. இரைச்சல் முங்கற அந்த நல்லோட (null) கூர்மை இருக்கே, ஒரு விரக்கட நகந்தா போச்சு. மூச்ச பிடிச்சுகிட்டு சட்டத்த திருப்பி இரைச்சல் டக்குன்னு விழற எடத்த புடிக்கறது போதை மாதிரிதான். 630 மீட்டர்ல மட்டும் இதுவரைக்கும் ஒரு ஹாம் சிக்னல்கூட காதுல விழல, அதையும் சொல்லிடறேன், அப்புறம் அண்ணன் ஏமாத்திட்டான்னு வராத.

எதிர்பாக்காத சந்தோஷம் இன்னும் கீழ போனா இருந்துச்சு. இன்னொரு சட்டத்துல 50 சுத்து சுத்தி, ரேடியோவே இல்லாம நேரா லேப்டாப் சவுண்ட் கார்டுல சொருகிட்டேன். 96 கிலோஹெர்ட்ஸ்ல சாம்பிள் பண்ணா 48 வரைக்கும் ஸ்க்ரீன்ல தெரியும். 18.2 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு கோடு, நம்ம திருநெல்வேலி விஜயநாராயணத்துல கடற்படையோட ஐஎன்எஸ் கட்டபொம்மன்ல இருந்து, தண்ணிக்கடியில இருக்கற நீர்மூழ்கிக்கு அனுப்பறது. 19.8ல ஆஸ்திரேலியாவோட வடமேற்கு முனைல இருந்து இன்னொண்ணு. என்ன பேசறாங்கன்னு நமக்குப் புரியாது, புரியவும் வேணாம், ஆனா அந்தக் கோட்டோட உயரத்த பதிவு பண்ணிட்டே வந்தா சூரியன் உதிக்கறப்ப ஒரு பள்ளம், மறையறப்ப ஒரு பள்ளம். 2024 மே 11 காலைல 6:53க்கு எக்ஸ் 5.8 அளவு சோலார் ஃப்ளேர் (சூரிய வெடிப்பு) அடிச்சப்ப கோடு சடக்குன்னு எகிறி ஒரு மணி நேரமா மெல்ல எறங்குச்சு. எங்க ஹால்ல, ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, சூரியன் வெடிச்சது தெரியுது. வீட்ல காட்டுனேன். "சரி, பால் வாங்கிட்டு வாங்க"ன்னாங்க.

வீட்டுக்குள்ள லூப்புக்கு மார்க் கேட்டா பத்துக்கு நாலு குடுப்பேன், அதுக்கு மேல மனசு வரல. வெளிய ஒயர் கட்ட ஒரு அடி எடம் கிடைச்சாலும் அத எடுத்துக்கோ, லூப் வேண்டாம். நான் ஒண்ணரை மீட்டர்ல அடுத்தது செய்யப் போறேன், மரம் அறுக்கக் குடுத்தாச்சு, அது வேற விஷயம். இதுல கரண்ட் போனா சந்தோஷப்படற ஒரே ஆளு இந்தத் தெருவுல நான்தான், அதுவும் அரை நிமிஷம், அதுக்குள்ள இன்வெர்ட்டர் ஆன் ஆகி ஃபேன விட மோசமா கத்த ஆரம்பிச்சுடும். நாளன்னிக்கு ஏரியால ஷட் டவுனாம், 9ல இருந்து 2 வரைக்கும். இன்வெர்ட்டர் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். லீவ் போட்டாச்சு.