அறிவியல் நகரில் டெமோவா, கனடாவில் டி.ஏ.யா: பி.ஆருக்கு எது எடுபடும்?

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ பட்டம் முடித்து, நல்ல வகுப்பும் எடுத்த பிள்ளைகளுக்கு முன்னால் மூன்று வழி கிடக்கிறது. பீடத்திலேயே தற்காலிகச் செய்முறை விளக்குநராக, எங்கள் வழக்கில் டெமோவாக, சேரலாம். ஏதாவது ஆய்வு நிதியில் ஆய்வு உதவியாளராக, அதாவது ஆர்.ஏ.யாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு எம்.பில். பதியலாம். இல்லையென்றால் நேரே கனடாவுக்கு மாஸ்டர்ஸ் போய், அங்கே டி.ஏ. என்ற கற்பித்தல் உதவியாளர் வேலை பார்க்கலாம். நாளைக்கு கனடாவின் நிரந்தர வதிவிடத்துக்கு, அதாவது பி.ஆருக்குப் போடும்போது இந்த உதவியாளர் வேலையை அனுபவமாக எடுப்பார்களா என்பதுதான் மூன்று பேருக்கும் உள்ள கேள்வி.

எனக்கு மாஸ்டர்ஸ் அனுமதி வந்த அதே காலத்தில் டெமோ வேலையும் வந்தது. நான் டெமோவை எடுத்தேன். வீட்டில் ஒருவருக்கும் விருப்பமில்லை. கனடா கூப்பிடும்போது கிளிநொச்சியில் நிற்கிறவனை யார் மெச்சுவார்கள்? ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று எடுக்க வேண்டாம். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம், கட்டணம், குளிர் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

'டெமோ எல்லாம் ஒரு வேலையா' என்று இங்கே கேட்பவர்கள் உண்டு. கனடாவின் தொழில் வகைப்பாட்டில் அதற்கென்றே ஓர் எண் இருக்கிறது: 41201. பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் உதவுகிறவர்கள் எல்லாரும் அதற்குள் வருவார்கள். வேலைக்கு வேண்டிய கல்வியையும் பயிற்சியையும் வைத்துப் பிரிக்கும் டீர் மட்டத்தில் அது 1. பி.ஆர். விண்ணப்ப முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு டீர் 3 வரைக்கும் ஏற்கிறார்கள், ஆகவே அந்தக் கவலை வேண்டாம். ஆய்வுகூட வகுப்பு நடத்துவது, விடைத்தாள் திருத்துவது, பேராசிரியரின் பரிசோதனையைச் செய்து தரவு தொகுப்பது என்று டெமோவும் ஆர்.ஏ.யும் டி.ஏ.யும் செய்கிற வேலைகள்தான் அந்த எண்ணின் கீழ் எழுதப்பட்டிருக்கின்றன. இதனால் ஒரு வசதியும் உண்டு. டெமோவாக ஆறு மாதம், விடாமல் தொடர்ந்து ஆர்.ஏ.யாக ஆறு மாதம் என்றாலும் ஒரே தொழில்தான்; இரண்டையும் கூட்டலாம்.

வேலை ஒன்றுதான். அதை எங்கே, என்ன நிலையில் இருந்து செய்தீர்கள் என்பதில்தான் வித்தியாசம். கனடாவில் முழுநேர மாணவராக இருந்துகொண்டு செய்த வேலை, கனடாவில் வேலை செய்தவர்களுக்கான பி.ஆர். பிரிவான சி.ஈ.சி.க்கு (கனடா அனுபவ வகுப்பு) ஒரு மணித்தியாலம்கூட எடுபடாது. டி.ஏ.யும் சரி, படிப்பின் பகுதியாகச் செய்யும் கோ-ஒப் வேலையும் சரி, அதே கதிதான். யாருக்கு அழைப்பு என்று வரிசைப்படுத்தும் சி.ஆர்.எஸ். புள்ளியிலும் கனடா அனுபவம் என்ற வரியில் அதற்குப் பூச்சியம். ஆனால் எஃப்.எஸ்.டபிள்யூ. என்ற பழைய திறமையாளர் பிரிவு மாணவ வேலையை விலக்கவில்லை. சம்பளம் வாங்கியிருக்க வேண்டும், தொடர்ச்சியாக இருக்க வேண்டும், மற்ற நிபந்தனைகளும் பொருந்த வேண்டும்; அவ்வளவுதான். ஒரே மூட்டை நெல்லை இரண்டு தராசில் நிறுக்கிற மாதிரி: ஒரு தராசு முள் அசைகிறது, மற்றது அப்படியே நிற்கிறது. அறிவியல் நகரில் செய்த டெமோ வேலைக்கோ எஃப்.எஸ்.டபிள்யூ., சி.ஆர்.எஸ். என்ற இரண்டு தராசும் அசைகின்றன. எஃப்.எஸ்.டபிள்யூ. தகுதிக்கும் அது எடுபடும், சி.ஆர்.எஸ்.ஸில் வெளிநாட்டு அனுபவமாகவும் புள்ளி தரும். அதே விடைத்தாளை அங்கே இருந்து திருத்தினால் அரைக் கணக்கு, இங்கே இருந்து திருத்தினால் முழுக் கணக்கு. இதை யாரும் விமான நிலையத்தில் சொல்லி அனுப்புவதில்லை.

சரி, எஃப்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதும் என்று டி.ஏ. பக்கம் போவோம். அங்கே மணித்தியாலக் கணக்கு மறிக்கிறது. வேண்டியது 1,560 மணித்தியாலம், அதாவது வாரம் 30 வீதம் ஒரு வருடம். பகுதிநேரமாகவும் சேர்க்கலாம், வாரம் 15 என்றால் 24 மாதம். டி.ஏ. ஒப்பந்தம் பெரும்பாலும் வாரம் 10 மணித்தியால அளவில் வரும். பருவத்துக்கு 130 என்று வைத்தால் வருடத்துக்கு 260, இரண்டு வருட மாஸ்டர்ஸ் முடியும்போது 520. மூன்றில் ஒரு பங்கு! அதிலும் கோடையில் வகுப்பில்லை, ஒப்பந்தமும் இல்லை என்றால் தொடர்ச்சி அறுந்துவிடும். கோடையிலும் ஆர்.ஏ. வேலை கொடுத்து, இரண்டும் சேர்ந்து வாரம் 15க்கு மேல் ஓடினால் மட்டும் கணக்குச் சரிவரும். முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நாலைந்து வருடம் கிடைக்கும் என்பதால் அவர்களின் கதை வேறு. டெமோவுக்கோ பல்கலைக்கழகம் முழுநேரச் சம்பளம் தருகிறது. வாரத்துக்கு 40 மணித்தியாலம் உழைத்தாலும் 30தான் எடுப்பார்கள், ஆனாலும் 12 மாதத்தில் 1,560 நிறைந்துவிடும்.

இனி 67 புள்ளிக் கணக்கு. எஃப்.எஸ்.டபிள்யூ.வுக்குள் நுழைய 100க்கு 67 வேண்டும். கனடாவின் இளமாணிப் பட்டத்துக்கு ஈடென்று மதிப்பிடப்பட்ட பட்டத்துக்கு 21. வயது 35 தாண்டாவிட்டால் 12. ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் கனடாவின் மொழி அளவுகோலான சி.எல்.பி.யில் 9 வந்தால் 24. ஒரு வருட வேலைக்கு 9. கூட்டிப் பாருங்கள், 66. ஒரு புள்ளி இடிக்கிறது. இரண்டாவது வருடமும் டெமோவாக நின்றால் 9 என்பது 11 ஆகி, 68 வந்துவிடும். நான் இரண்டு வருடம் நின்றதற்கு உண்மையான காரணம் இந்த இரண்டு புள்ளிதான். கற்பித்தலில் உள்ள காதல் என்று வீட்டில் சொன்னது வேறு.

ஒரு வருடத்தோடு விட்டவர்களுக்கும் வழி உண்டு. ஸ்காபரோவில் பி.ஆரோ குடியுரிமையோ உள்ள சித்தப்பாவோ மாமியோ இருந்தால் 5 புள்ளி. வன்னியில் அப்படி ஒருவர் இல்லாத வீடு குறைவு. அந்த 5 இருந்தால் சி.எல்.பி. 8 எடுத்தவருக்கும் சரியாக 67 வரும். ஆனால் சித்தப்பாவின் உதவி இந்தத் தராசோடு முடிந்துவிடும். சி.ஆர்.எஸ்.ஸில் உடன்பிறந்தவர் அங்கே இருந்தால் மட்டுந்தான் 15. இன்னொன்று, மாஸ்டர்ஸுக்கென்று எடுத்த ஐ.இ.எல்.டி.எஸ். அக்கடமிக் இதற்குச் செல்லாது. ஜெனரல் பிரிவில் திரும்ப எழுத வேண்டும். சி.எல்.பி. 9 என்றால் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோப்பு விழுகிற இடம் ஒன்று இருக்கிறது: கடிதம். என்னைக் கேட்டால் டெமோவா, ஆர்.ஏ.யா, டி.ஏ.யா என்ற முடிவையே கடிதத்தை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இங்கே தற்காலிக ஊழியர் விலகும்போது வழக்கமாகக் கிடைப்பது ஒரு பந்திச் சேவைச் சான்றிதழ். இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை கடமையாற்றினார், நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். உள்ளூர் வேலைக்கு அது தாராளம். கனடாவுக்குக் காணாது. அவர்கள் கேட்பது: நிறுவனத்தின் கடிதத் தலைப்பு, முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதவிப் பெயர், முக்கியக் கடமைகள், தொடங்கிய திகதி, முடிந்த திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், வருடச் சம்பளமும் படிகளும், மேலதிகாரியின் பெயரும் கையொப்பமும். மணித்தியாலம் எழுதாத கடிதத்தை வைத்து 1,560ஐ எப்படி நிரூபிப்பீர்கள்? நியமனக் கடிதத்தில் 'முழுநேரம்' என்று இருந்தாலும் எத்தனை மணித்தியாலம் என்று எண்ணில் இருப்பதில்லை.

நான் செய்தது இது. நிர்வாகப் பக்கத்தின் சேவைச் சான்றிதழை வழக்கப்படியே வாங்கினேன். அதற்கு மேல் துறைத் தலைவரிடம் தனிக் கடிதம் கேட்டேன். என்னென்ன ஆய்வுகூட வகுப்புகள், எந்தப் பாடங்கள், விடைத்தாள் திருத்தியது, வயல் பரிசோதனைத் திடலைப் பார்த்தது எல்லாம் சேர்த்து, வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்று எண்ணாலேயே எழுதச் சொன்னேன். 41201இன் கடமைப் பட்டியலை அப்படியே பிரதி பண்ணிக் கொடுக்கிறவர்களும் உண்டு. வேண்டாம். படிக்கிற அதிகாரி அந்தப் பட்டியலைத் தினமும் பார்க்கிறவர். உங்கள் சொந்த வேலையைச் சொந்த வசனத்தில் எழுதினால்தான் நம்புவார். கடிதத்தோடு நியமனக் கடிதங்கள், சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதிக் கழிவு, சம்பளம் விழுந்த வங்கிக் கூற்று எல்லாவற்றையும் வைத்தேன்.

தற்காலிக வேலையில் நியமனம் துண்டு துண்டாக வரும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் இடைவெளி இருந்தால் பயப்பட வேண்டாம். தொடர்ச்சி வேண்டியது தகுதிக்கான அந்த முதல் ஒரு வருடத்துக்குத்தான். இடைவெளி இல்லாத 12 மாதத் துண்டு ஒன்றைத் தகுதி வருடமாகக் காட்டினால், மிச்சத்தை மேலதிக அனுபவமாகச் சேர்க்கலாம். எல்லாம் கடைசி 10 வருடத்துக்குள் இருக்க வேண்டும்.

ஆர்.ஏ.க்கு வருவோம். நான் ஆர்.ஏ.யாக இருந்ததில்லை; கூடப் படித்தவர்களின் கோப்புகளைப் பார்த்த அளவில்தான் சொல்கிறேன். அங்கே உள்ள கண்ணி, கிடைக்கிற காசு சம்பளமா, புலமைப்பரிசிலா என்பது. கனடாச் சட்டத்தில் வேலை என்றால் ஊதியமோ தரகோ பெற்றுச் செய்வது. ஆய்வு நிதியில் இருந்து வருகிற மாதாந்தப் படியை ஒரு கடிதம் சம்பளம் என்றும், இன்னொரு கடிதம் மாணவர் உதவித்தொகை என்றும் சொன்னால் சிக்கல்தான். நியமனக் கடிதம் இருக்கிறதா, கடமையும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று சேரும்போதே பாருங்கள். கனடாவிலும் இதே பிரிப்பு உண்டு. வேலைச் சம்பளத்துக்கு டி4 என்ற வரிச் சிட்டை வரும், உதவித்தொகைக்கு டி4ஏ. டி.ஏ. காசு வழமையாக டி4இல் வரும், ஆர்.ஏ. காசு சில இடங்களில் டி4ஏயில் வரும். டி4ஏ மட்டும் கையில் இருந்தால் அதை வேலை என்று நிறுவுவது கடினம்.

கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிற பட்டதாரிகளும் கேட்கிறார்கள். நிரந்தரம், ஓய்வூதியம் என்று பார்த்தால் அதுதான் மேல். கனடாவின் எந்தத் தொழில் எண்ணில் அது விழும் என்பதோ நீங்கள் அன்றாடம் செய்கிற கடமையைப் பொறுத்தது; பதவிப் பெயரை வைத்து முடிவு பண்ண முடியாது. அவுஸ்திரேலியா யோசிக்கிறவர்களுக்கும் ஒரு வரி: அங்கே அனுபவப் புள்ளிக்கு வாரம் குறைந்தது 20 மணித்தியாலச் சம்பள வேலை வேண்டும். 10 மணித்தியால டி.ஏ. வாசலிலேயே நின்றுவிடும், முழுநேர டெமோவுக்கு அந்தத் தடை இல்லை.

என் பக்கத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 67 எடுத்து, அழைப்புக்குக் காத்திருப்போர் பட்டியலான பூலுக்குள் போவது ஒன்று, அழைப்பு வருவது இன்னொன்று. 2025இல் வந்த அழைப்புகள் பெரும்பாலும் சி.ஈ.சி.க்கும் மாகாண அரசுகள் தெரிவுசெய்தவர்களுக்கும் பிரெஞ்சு மொழிக்காரருக்குமே போயின. டெமோ அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே இருந்தே அழைப்பு வாங்குவது இப்போது கஷ்டம். என் விபரமும் பூலில்தான் கிடக்கிறது. எஃப்.எஸ்.டபிள்யூ. வழியாகப் போக 15,000 கனடா டொலருக்கு மேல் கையிருப்பும் காட்ட வேண்டும், வன்னியில் அது சின்னக் காசில்லை.

அப்படியென்றால் டெமோ எதற்கு? ஏனென்றால் மாஸ்டர்ஸுக்குப் பிறகு போனாலும் அந்த அனுபவம் கூடவே வரும். மாஸ்டர்ஸ் முடித்தவருக்கு மூன்று வருட வேலை அனுமதி கிடைக்கிறது. அதில் ஒரு வருடம் திறமை வேலை செய்தால் சி.ஈ.சி. வாசல் திறக்கும், சி.ஆர்.எஸ்.ஸில் தனியாளுக்கு 40 புள்ளியும் வரும். அந்த நேரத்தில் கிளிநொச்சியின் இரண்டு வருடம், சி.எல்.பி. 9 ஆங்கிலத்தோடு சேர்ந்து 25, கனடா வருடத்தோடு சேர்ந்து 13, ஆக 38 புள்ளி தரும். நேரே போய் டி.ஏ. பார்த்தவருக்கு அந்த 38 இல்லை. மறுபக்கத்தில் வயது இருக்கிறது: 29 வரைக்கும் முழு 110, 30இல் இருந்து வருடத்துக்கு ஐந்தாறு குறையும். 24, 25 வயதில் பட்டம் முடித்தவருக்கு இரண்டு வருடம் இங்கே நிற்பதில் பெரிய நட்டமில்லை. 28 தாண்டியவர் என்றால் நானும் நேரே போகத்தான் சொல்வேன்.

போகிறவர்களும், டி.ஏ. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கட்டணத்துக்கு அது பெரிய உதவி. பி.ஆர். கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காமல் திட்டம் போடுங்கள். நிற்கிறவர்கள், துறைத் தலைவரின் கடிதத்தை விலகுகிற வாரத்திலேயே வாங்கி வையுங்கள். அந்தப் பதவி மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறலாம். உங்களைத் தெரியாத புதிய தலைவர், நீங்கள் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் நின்றீர்கள் என்று எழுதித் தர யோசிப்பார், அதில் நியாயமும் உண்டு.