கசால்ஸ் வாசிச்ச பாக் செல்லோ சூட், 2 சிடி செட்: வரிசைய மாத்திக் கேளுங்க

செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் வாசிச்ச, இசையமைப்பாளர் பாக் எழுதின செல்லோ சூட் ஆறும் சேர்ந்த 2 சிடி செட் வாங்கி மூணு வாரமாச்சு, தினம் ராத்திரி வீட்ல எல்லாரும் படுத்தப்புறம் ஹெட்போன்ல இதுதான் ஓடுது. செல்லோங்கிறது உக்காந்து வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம், சூட்னா பல சின்னப் பகுதி சேர்ந்த இசைத் தொகுப்பு. முதல்லயே சொல்லிடறேன், 78 ஆர்பிஎம்ங்கிற பழைய கிராமபோன் தட்டுக்காகப் பதிவானது, அதனால அப்பளம் பொரியற மாதிரி ஒரு இரைச்சல் பின்னாடியே வரும், பத்து நிமிஷத்துல காது பழகிடும். அந்த இரைச்சல சுத்தமா தொடச்ச இன்னொரு பதிப்பும் கேட்டேன், வில்லு தந்திய கடிக்கிற சத்தத்தையும் சேர்த்து தொடச்சிட்டாங்க, அது வேணாம்.

கசால்ஸ் 1876ல ஸ்பெயின்ல கேட்டலோனியா பகுதில எல் வென்ட்ரல்ங்கிற ஊர்ல பொறந்தவர், அப்பா சர்ச்ல ஆர்கன் வாசிக்கிறவர். 13 வயசுல அப்பாவோட பார்சிலோனா துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய மியூசிக் கடைய கிளறும்போதுதான் இந்த சூட் எல்லாம் கைக்குக் கிடைச்சிருக்கு. அப்பல்லாம் இத கை பழகுற எக்சர்சைஸ்னுதான் பாதிப் பேர் நினைச்சாங்க. இவரு பத்து வருஷத்துக்கு மேல தனியா சாதகம் பண்ணிட்டுதான் ஒரு சூட்ட முழுசா மேடைல வாசிச்சாரு, ரெக்கார்டிங்குக்கு உக்காரும்போது 60 வயசு ஆகப் போகுது!

வலது அக்குள்ல புக்க இடுக்கிக்கிட்டு, கை விரியாமதான் அந்தக் காலத்துல செல்லோ கத்துக் குடுப்பாங்களாம். அத உடைச்சது இவருதான். 3வது சூட் ஆரம்பத்துல மேல இருந்து படிப்படியா இறங்கி அடித் தந்தில வந்து உக்காருற இடத்தக் கேளுங்க, அந்தக் கை எவ்வளவு தாராளமா போகுதுன்னு புரியும், இடது கை விரல் பலகைல டொக்குனு விழுறது கூட கேக்கும்.

இப்ப வரிசை விஷயம். சிடில 1ல இருந்து 6 வரைக்கும் நம்பர்படி இருக்கு. நான் பதிவான வரிசைல கேட்டேன். 2, 3 ரெண்டும் 1936 நவம்பர்ல லண்டன்ல, ஸ்பெயின்ல உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சு நாலே மாசம். 1, 6 பாரிஸ்ல 1938 ஜூன். கடைசியா 4, 5 அதே பாரிஸ்ல 1939 ஜூன், அதுக்குள்ள பார்சிலோனா, இவர் எதிர்த்த ராணுவத் தலைவர் ஃபிராங்கோ கைக்குப் போயாச்சு, இவருக்குத் திரும்பிப் போக ஊர் இல்ல. அந்த 5வது சூட்ல சாராபாண்ட்னு ஒரு பகுதி, ஒத்த ஒத்த ஸ்வரமா போகும், துணைக்கு ஒரு கார்டு (பல ஸ்வரம் ஒண்ணா ஒலிக்கிறது) கூட கிடையாது. வில்லு ஒவ்வொரு ஸ்வரத்தையும் விட மனசில்லாம விடுது. முதல் தடவை கேட்டப்ப அப்படியே நிறுத்திட்டு பால்கனில போய் நின்னுட்டேன்.

குறையும் இருக்கு. 6வது சூட் அஞ்சு தந்தி வாத்தியத்துக்கு எழுதினது, நாலு தந்தில அங்கங்க சுருதி லேசா நழுவுது. தட்டுல ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம் சொச்சம்தான், தப்பு வந்தா வெட்டி ஒட்ட முடியாது, அந்தப் பக்கத்த முழுசா திரும்ப வாசிக்கணும். எனக்கு அந்த நழுவல் பிடிச்சேயிருக்கு.

ஃபிராங்கோ இருக்கிற வரைக்கும் ஸ்பெயின்ல வாசிக்க மாட்டேன்னவரு, 1973ல போர்ட்டோ ரிகோல 96 வயசுல போயிட்டாரு. உடம்பு எல் வென்ட்ரலுக்கு வந்தது 1979லதான்.

வாங்கினா போன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, அடித் தந்தி காணாமலே போயிடும்.