தலை போகிற குறும்பு: ஹெவன் ஹெல்ப் அஸ்

வாத்தியார் அறைந்தால் பார்க்கிறவனுக்கும் கன்னம் எரிகிற நகைச்சுவைப் படங்கள் ரொம்பக் குறைவு. 1985 பிப்ரவரியில் வந்த 'ஹெவன் ஹெல்ப் அஸ்' அதில் ஒன்று. பிரிட்டனில் 'கத்தோலிக் பாய்ஸ்' என்ற பெயரில் ஓடியது, அதனால் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். ஓடும் நேரம் 104 நிமிடம். அமெரிக்கத் தணிக்கையில் 'ஆர்' வாங்கிய படம். பள்ளிக்கூடப் படம்தானே என்று வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் ரிமோட்டைத் தேடாதீர்கள். கெட்ட வார்த்தையும் சுயஇன்ப ஜோக்குகளும் தாராளம்.

கதை நடப்பது 1965-ல், நியூயார்க்கின் புரூக்ளினில். அப்பா அம்மாவை இழந்த மைக்கேல் டன் (ஆண்ட்ரூ மெக்கார்த்தி) பாஸ்டனிலிருந்து தங்கையோடு பாட்டி தாத்தா வீட்டுக்கு வருகிறான். பாட்டிக்கு அவனைப் பாதிரியாராக்கிப் பார்க்க ஆசை. சேர்த்துவிடும் இடம் புனித பாசில் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. அங்கே புத்தகப் புழு சீசர் (மால்கம் டனேர்) நண்பனாகிறான். வகுப்பு ரவுடி ரூனி (கெவின் தில்லன்) முதலில் இருவரையும் வாட்டுகிறான். டன் யாரையும் காட்டிக்கொடுக்காதவன் என்று தெரிந்த பிறகு அவனே ஒட்டிக்கொள்கிறான். இது வரைக்கும் நூறு படத்தில் பார்த்ததுதான்.

வித்தியாசம் பெரியவர்களிடம் இருக்கிறது. இந்தப் பள்ளியை நடத்துபவர்கள் பிரதர்கள். அங்கி போட்டிருப்பார்கள், துறவற வார்த்தைப்பாடு கொடுத்திருப்பார்கள், ஆனால் குருப்பட்டம் பெற்ற பாதிரியார்கள் அல்ல. பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் (பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) கேட்க முடியாது. அவர்கள் ஆளும் இடம் வகுப்பறை, ஆயுதம் கை. இந்த வேறுபாடு பிடிபட்டால் மூன்று பிரதர்களையும் படம் எப்படி அடுக்கியிருக்கிறது என்பது தெளிவாகும். தலைமையாசிரியர் பிரதர் தாடியஸ் (டொனால்ட் சதர்லேண்ட்) குரலை உயர்த்தாமலே ஆள்பவர். பிரதர் கான்ஸ்டன்ஸ் (ஜே பேட்டர்சன்) அடித்தால்தான் படிப்பு ஏறும் என்று நம்புகிறவர், நம்பிக்கையைத் தாண்டி அதில் ஒரு சுகமும் கண்டவர். புதிதாக வந்த பிரதர் டிமத்தி (ஜான் ஹர்ட், 'ஹோம் அலோன்' அப்பாவேதான்) இதையெல்லாம் பார்த்துத் திகைத்து, மெல்ல எதிர்க்கத் தொடங்குகிறவர்.

1965 என்பதும் சும்மா பழைய காரும் பழைய பாட்டும் காட்டுவதற்காக வைத்த வருஷம் இல்லை. அதற்கு முந்தைய நவம்பரின் கடைசியில்தான் அமெரிக்கக் கத்தோலிக்கக் கோயில்களில் பூசையில் லத்தீனுக்குப் பதில் ஆங்கிலம் நுழைந்தது. திருச்சபையைக் காலத்துக்கேற்ப மாற்றக் கூடிய ஆயர்கள் மாநாடான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 8-ல் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 4-ல் ஆறாம் பவுல் நியூயார்க் வந்தார். பதவியில் இருக்கும்போது அமெரிக்க மண்ணை மிதித்த முதல் போப் அவர். அந்த வருகையும் படத்தில் வருகிறது. திருச்சபையே ஜன்னலைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு கட்டடத்துக்குள் மட்டும் பழைய காற்று. டிமத்தியும் கான்ஸ்டன்ஸும் ஒரே ஆசிரியர் அறையில் இருக்க முடியாமல் போவது அதனால்தான். படம் இதைப் பிரசங்கமாகச் சொல்லவில்லை என்பது பெரிய நிம்மதி.

நகைச்சுவையில் முதலிடம் வாலஸ் ஷானுக்கு. மொத்தமே சில நிமிடம்தான் வருகிறார். பெண்கள் பள்ளியோடு சேர்ந்து நடன விருந்து. பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். ஃபாதர் அப்ருஸியாக வரும் ஷான் மைக்கைப் பிடித்து மோகம் என்னும் பாவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல ஆரம்பிக்கிறார். ஆரம்பம் சாந்தம். வாக்கியத்துக்கு வாக்கியம் சுருதி ஏறுகிறது. நரக நெருப்பு வரைக்கும் போய்க் கத்தித் தீர்த்துவிட்டு, சரி, ஆடுங்கள் என்று விட்டுவிடுகிறார். காட்சி எடுபடுவதற்குக் காரணம், ஷான் எந்த இடத்திலும் 'நான் சிரிக்க வைக்கிறேன்' என்று காட்டிக்கொள்ளாததுதான். அந்த மனிதருக்கு நரகம் நிஜம். கேட்டு நிற்கிறவர்களுக்கு அன்றைய இரவு கெட்டதும் நிஜம்.

சதர்லேண்டும் அதே வழிதான். பேசுவதைவிடப் பார்ப்பது அதிகம். பேட்டர்சன் பாடு கஷ்டம். வெறுக்கப்படுவதற்கென்றே எழுதிய பாத்திரம். ஆனால் அவர் அதைக் கார்ட்டூன் ஆக்கவில்லை. அடி விழும் காட்சிகளில் இசையோ காட்சி வெட்டோ வந்து நம்மைக் காப்பாற்றுவதும் இல்லை. பிறகு பையன்கள் அடிக்கும் லூட்டிக்கு மதிப்பு வருவது இதனால்தான்: மாட்டினால் என்ன ஆகும் என்று நமக்கு ஏற்கனவே தெரியும்.

குறைகளுக்கு வருவோம். வில்லியம்ஸ் (ஸ்டீபன் ஜெஃப்ரிஸ்) பாத்திரத்துக்குச் சுயஇன்பம் தவிர வேறு குணமே எழுதவில்லை. முதல் தடவை சிரிப்பு, மூன்றாம் தடவை கொட்டாவி. கார்பெட்டாக வரும் பாட்ரிக் டெம்ப்சிக்கு இதுதான் முதல் படம். கூட்டத்தில் ஒரு முகம், அவ்வளவே.

பெரிய ஓட்டை டானி (மேரி ஸ்டூவர்ட் மாஸ்டர்சன்). மனம் உடைந்துபோன அப்பாவைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு எதிரே சோடாக் கடை நடத்தும் பெண். பையன்கள் சிகரெட் பிடிக்க ஒதுங்கும் இடம் அது. பிரதர்கள் கடைக்குள் புகுந்து விரட்டுகிறார்கள். எல்லாரும் தெறித்து ஓட, டன் மட்டும் நின்று கடையைச் சுத்தம் செய்ய உதவுகிறான். படத்திலேயே மென்மையான இடம். மாஸ்டர்சன் கண்ணைத் தூக்கிப் பார்க்கும் விதத்திலேயே அந்தக் கடையின் வரவு செலவு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. அவளை அரசு அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போன பிறகு, திரைக்கதை அவளைக் கழற்றி விடுகிறது. டன்னின் கோபத்துக்கு விறகாக மட்டும் பயன்பட்டாள் என்கிற கசப்பு கடைசி வரை போகவில்லை.

(முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

பள்ளியில் நிற்கும் புனித பாசில் சிலையின் தலை போகிறது. அதற்குத் தண்டனை என்று கான்ஸ்டன்ஸ் கையை ஓங்க, அடி சீசர் மேல் திரும்பும்போது டன் பொறுமை இழக்கிறான். ஓட்டம், துரத்தல், மொத்தப் பள்ளியும் பார்க்க ஒரு குத்து, ஆரவாரம். கைதட்டல் நிச்சயம். ஆனால் தீர்வு ரொம்பச் சுலபம்: பையன்களுக்கு இரண்டு வார சஸ்பென்ஷன், அதாவது லீவு, கான்ஸ்டன்ஸுக்கு இடமாற்றம். இத்தனை வருஷம் அவரைப் பார்த்தும் பார்க்காமல் இருந்த தாடியஸ் மேல் ஒரு கேள்விகூட விழவில்லை. டிமத்தியை அவர் முன்னால் நிறுத்தி ஒரு காட்சி எழுதியிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

இயக்குநர் மைக்கேல் டின்னர். பின்னாளில் தொலைக்காட்சிக்குப் போய் எம்மி விருது வாங்கினார். ஒளிப்பதிவு 'அமடேயஸ்' எடுத்த மிரோஸ்லாவ் ஓன்ட்ரிசெக். பள்ளித் தாழ்வாரங்களின் மங்கலைப் பாருங்கள், பணக்காரப் படத்தின் வெளிச்சம் எங்கும் இல்லை. வசனத்தில் கத்தோலிக்கக் கிண்டல் நிறைய ஓடுவதால் சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது.