சின்னம்மாவின் பித்தக்கற்கள்: கொழும்பு ஆஸ்பத்திரி அனுபவம்

பெர்லினில் இருந்து விடுமுறைக்குப் போயும் இந்த முறை காலி வீதிக் கடைகளைக் கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் இருக்கும் சின்னம்மாவுக்குப் பித்தப்பை ஒப்பரேசன். கூட நிற்க ஆள் வேண்டும் என்றார்கள், நின்றேன். தனியார் ஆஸ்பத்திரிதான், பெயர் வேண்டாம்.

சர்ஜனைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி முன்பதிவு செய்து, பார்த்தோம். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கமரா விட்டு எடுப்பதை அவர் பொறுமையாகத் தமிழிலேயே விளக்கினார். சின்னம்மாவுக்கு அதெல்லாம் முக்கியமில்லை.

"எடுக்கிற கல்லை என்னட்டைத் தருவீங்களோ டொக்டர்?"

"கல்லைத் தரலாம் அம்மா. பை லேப்புக்குப் போக வேணும்."

காரணம் நியாயமானதே. வெளியில் தெரியாத புற்றுநோய் எப்போதாவது அந்தப் பையில் ஒளிந்திருக்கும், அதனால்தான் வெட்டிப் பரிசோதிக்கிறார்கள். கல் வேண்டுமென்றால் ஒப்பரேசனுக்கு முதலே சொல்லி, ஃபைலில் எழுத வைப்பது நல்லது. கையெழுத்து வாங்கிய படிவங்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன. இவ்வளவு காசு வாங்கும் இடத்தில் தமிழில் ஒரு தாள் அடிக்க முடியாதா? வார்டில் இருந்த தாதி மிஸ்தான் ஒவ்வொரு வரியாகச் சொல்லித் தந்து, கல் விஷயத்தையும் குறித்துவைத்தார். அவருக்குக் கோடி புண்ணியம்.

தியேட்டரில் இருந்து வந்த சின்னப் போத்தலில் கற்கள் மஞ்சளும் கபிலமுமாக, புளியங்கொட்டை அளவில் இருந்தன. உருண்டையாக இருக்குமென்று நினைத்தேன், பட்டை தீட்டியது போல முகங்கள் இருந்தன. பல கற்கள் ஒரே பையில் நெருக்கிக்கொண்டு வளர்ந்தால் அப்படித்தான் ஆகுமாம். பெரும்பாலும் கொலஸ்ட்ரோல். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மூடியுள்ள போத்தலில் போட்டோம். வேறு மருந்து எதுவும் தேவையில்லை.

டொராண்டோவில் இருக்கும் தம்பிக்கு இது போதவில்லை. "ரிப்போர்ட் வந்த பிறகு பையையும் கேளுங்கோ அக்கா" என்று வீடியோ கோலில் ஒரே நச்சரிப்பு. நான் கேட்கவில்லை. சதையைக் கெடாமல் வைத்திருக்கப் போமலின் என்ற திரவம் வேண்டும். அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், அதில் உள்ள போமல்டிஹைட்டைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே வைத்திருக்கிறது. பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில் அது எதற்கு? போதாததற்கு, சாதாரண போமலினில் சதையின் நிறம் போய்ச் சாம்பல் பிடித்துவிடும்.

கல்லை வைத்திருப்பதைப் பைத்தியம் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் லண்டனில், பின்னாளில் கடற்படை நிர்வாக அதிகாரியான சாமுவேல் பீப்ஸ் என்பவருக்கு 1658இல், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், சிறுநீர்ப்பைக் கல்லை எடுத்தார்கள். அவர் அந்தக் கல்லுக்கென்றே ஒரு பெட்டி செய்வித்தார், ஒப்பரேசன் நடந்த நாளை விருந்து வைத்துக் கொண்டாடினார். இதைச் சொன்னதிலிருந்து சின்னம்மா போத்தலை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார்.

டிஸ்சார்ஜ் அன்று பில் ஓரிடம், மருந்து வேறிடம் என்று அலைந்ததுதான் எரிச்சல். லேப் ரிப்போர்ட் பிறகுதான் வரும், அதை யார் எடுப்பது என்று முதலே பேசிவையுங்கள், மறக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். சின்னம்மாவின் ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை.

தம்பி இப்போது ஒரு கல்லையாவது பார்சலில் அனுப்பச் சொல்கிறான். வந்து எடுக்கட்டும், அவன் ஊருக்கு வந்தும் கன காலம்.