நீட் இரண்டாம் முயற்சி: விடுதியா, நகரத்துப் பயிற்சி மையமா, வீடா?

நீட் முடிவு வெளியாகி, எடுத்த மதிப்பெண்ணுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று தெரிந்த அதே வாரத்தில், பல வீடுகளில் அடுத்த ஓராண்டுக்கான முடிவும் எடுக்கப்பட்டுவிடுகிறது. உறவினர் ஒருவர் சொன்ன விடுதியோ, செய்தித்தாளின் முதல் பக்க விளம்பரமோதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. மறுமுறை எழுதுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் ஏ.கே.ராஜன் குழுவின் 2021 அறிக்கை, தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தோரில் முந்தைய ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் பங்கு 2016-17இல் 12.47 சதவீதமாக இருந்து 2020-21இல் 71.42 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது. ரிப்பீட்டர் என்ற சொல்லைக் கூச்சத்தோடு சொல்ல வேண்டிய காலம் போய்விட்டது. ஆனால் அந்த ஓராண்டை எங்கே உட்கார்ந்து செலவிடுவது என்பதை மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்வதுதான் பிழை. பாடவாரியாகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மதிப்பெண் பட்டியலில் பாடங்களுக்குச் சதமானமும் (எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினரை முந்தினார் என்ற அளவு) மொத்தத்துக்கு மதிப்பெண்ணும்தான் இருக்கும். ஆனால் நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை, வட்டங்களை நிரப்பி விடையளித்த ஓ.எம்.ஆர். தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் வெளியிடுவதால், ஒரு மாலைப் பொழுதில் வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். மொத்தம் 720 மதிப்பெண்ணில் இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180, உயிரியலுக்கு 360. சரியான விடைக்கு நான்கு கிடைக்கும், தவறான விடைக்கு ஒன்று குறையும். ஒரே 400 மதிப்பெண்ணை இருவர் எடுத்திருக்கலாம்: ஒருவருக்கு உயிரியலில் 300 வந்து இயற்பியலில் 20 வந்திருக்கும், இன்னொருவருக்கு இயற்பியலில் 100 வந்து உயிரியல் 200இல் நின்றிருக்கும். இந்த இருவருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது.

முதலில் விடுதியோடு கூடிய ரிப்பீட்டர் வகுப்பு. நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகளைப் பார்த்து வளர்ந்த பெற்றோருக்கு இது பழகிய ஏற்பாடு என்பதால், செலவு லட்சத்தைத் தாண்டினாலும் மனம் அங்கேதான் போகிறது. கைபேசி கையில் இல்லாத நாள், மணி அடித்தால் படிப்பு, வாரந்தோறும் தேர்வு என்ற ஒழுங்கு அங்கே கிடைக்கிறது. தானாக எழுந்து புத்தகத்தை எடுக்காத பிள்ளைக்கு இது பெரிய உதவி. சேர்க்கையின்போது கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு: பல மையங்களில் மாணவர்களை மதிப்பெண் வரிசையில் பிரிவுகளாகப் பிரித்து, மேல் பிரிவுக்கே தேர்ந்த ஆசிரியர்களை அனுப்புகிறார்கள். விளம்பரத்தில் படம் வரும் மாணவர்கள் அந்தப் பிரிவினர்; கட்டணத்தின் பெரும்பகுதியைக் கட்டுவது கீழ்ப்பிரிவுகளில் இருப்பவர்கள். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் கேட்பதைவிட, நம் பிள்ளை எந்தப் பிரிவில் அமர்வான், அந்தப் பிரிவுக்கு இயற்பியல் எடுப்பவர் யார், இடையில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

நகரத்துப் பயிற்சி மையத்துக்குப் பகலில் போய்வருவது இரண்டாவது வழி. பயணத்தில் நேரம் போகிறது என்ற குறை உண்மையே என்றாலும், இயற்பியலில் சறுக்கியவருக்கு என் பரிந்துரை இதுதான். வகுப்பில் முப்பது நாற்பது பேருக்கு மேல் இல்லாத மையமாக இருந்தால், ஆசிரியர் மாணவனின் கணக்குத் தாளைக் கையில் வாங்கிப் பார்ப்பார். சூத்திரம் சரியாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் சென்டிமீட்டரை மீட்டராக மாற்றாமல் இட்டிருப்பான், அல்லது விசைப் படத்தில் உராய்வின் திசையைத் தலைகீழாக வரைந்திருப்பான். விடை தவறு என்று மட்டும் சொல்லும் செயலியோ, முழுத் தீர்வையும் அழகாகப் போட்டுக் காட்டும் காணொளியோ இந்த இடத்தைச் சுட்டிக் காட்டாது. நேரில் இருக்கும் ஆசிரியரால் ஒரு நிமிடத்தில் முடியும். 45 இயற்பியல் வினாக்களில் இத்தகைய ஐந்து பிழைகள் திருத்தப்பட்டாலே, இழந்த நான்கும் கழிக்கப்பட்ட ஒன்றும் சேர்ந்து 25 மதிப்பெண் திரும்பி வருகிறது.

மூன்றாவது, வீட்டிலிருந்தே படிப்பது. சோம்பேறியின் வழி என்று இதை ஒதுக்குபவர்கள் உயிரியல் வினாத்தாளை ஊன்றிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மத்தியப் பாடநூலான என்.சி.இ.ஆர்.டி. உயிரியலில் உடல் திரவங்கள் பற்றிய பாடத்தில், வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் 60 முதல் 65 சதவீதம், லிம்போசைட் 20 முதல் 25, மோனோசைட் 6 முதல் 8 என்று ஒரு பத்தி வரும். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேற்றும் இரத்தம் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு என்ற கணக்கும் அதே பாடத்தில் இருக்கிறது. பொருத்துக வகை வினாக்களும், கூற்று-காரணம் வினாக்களும் இப்படிப்பட்ட வரிகளிலிருந்தே பிறக்கின்றன. அவற்றைப் பிடிக்க விரிவுரை தேவையில்லை. அமைதியான அறையில் அதே நூலை மறுபடியும் மறுபடியும் வாசிப்பதுதான் தேவை, விடுதியின் கால அட்டவணையில் அதற்குத்தான் இடம் குறைவு. மாதிரித் தேர்வுகளுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை: தேசியத் தேர்வு முகமையின் ‘அப்யாஸ்’ செயலியும், கான்பூர் ஐ.ஐ.டி.யின் துணையோடு மத்தியக் கல்வி அமைச்சகம் நடத்தும் ‘சாத்தி’ (SATHEE) தளமும் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழ்வழியில் படித்தவருக்கு வீட்டுப் படிப்பில் இன்னொரு வசதியும் உண்டு. தமிழைத் தேர்ந்தவருக்கு வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே தரப்படுகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. எனவே தமிழ்நாட்டுப் பாடநூலையும் ஆங்கில என்.சி.இ.ஆர்.டி. நூலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படிக்கும் பழக்கம் மிகவும் பயன் தரும். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வேகமாக ஓடும் பயிற்சி வகுப்பில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இவை தவிர, ஏதாவதொரு பட்டப் படிப்பில் சேர்ந்துகொண்டே நீட்டுக்கும் படிப்பது என்ற ஏற்பாடும் உண்டு. கல்லூரியின் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளும் நீட் திருப்புதலும் மார்ச், ஏப்ரலில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், மிகச் சில மதிப்பெண்ணில் இடத்தைத் தவறவிட்டவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

வீட்டு வழியின் பலவீனம் தேர்வெழுதும் பழக்கத்தில் இருக்கிறது. 2024 வரை 200 வினாக்களில் 180க்கு விடையளிக்க 200 நிமிடங்கள் இருந்தன. 2025 முதல் தெரிவு நீக்கப்பட்டு, 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள்தான். உயிரியலின் 90 வினாக்களை ஐம்பது நிமிடத்துக்குள் முடித்தால்தான் இயற்பியலுக்கு மூச்சுவிட முடியும். இந்த வேகம் விடுதியில் வாரத் தேர்வுகளால் தானாக வருகிறது. வீட்டில் அதை வலிந்து உண்டாக்க வேண்டும். உண்மைத் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது என்பதால், ஞாயிறுதோறும் மதிய உணவு முடிந்து தூக்கம் கண்ணைச் சுற்றும் அந்த நேரத்தில்தான், அச்சிட்ட ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டங்களை நிரப்பிப் பழக வேண்டும். திரையில் சொடுக்கி எழுதும் மாதிரித் தேர்வில், வட்டம் நிரப்பப் போகும் நேரம் கணக்கிலேயே வராது.