வீட்டுக்கு வாங்குன 50 எம்எம் லென்ஸு, பறவைக்கு வாங்குன 55-250: பல வருஷம் கழிச்சு எது எதுக்கு ஆச்சு

கேனான் 200டி கேமரா பாடி, கூட 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸு, தூரத்துல உள்ளத கிட்ட இழுக்குற 55-250 எம்எம் எஸ்டிஎம் ஸூம் லென்ஸு, இந்த மூணும் எங்க வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆயிட்டு. பெட்டியப் பிரிச்ச வாரத்துல எழுதுற ரிவ்யூ மேல எனக்குப் பெருசா நம்பிக்கை கிடையாது, புதுசு வாங்குன சந்தோஷத்துல எல்லாமே நல்லாத்தான் தெரியும். ஸ்கூல் ஆண்டு விழா, கோயில் கொடை, ஐப்பசி மழை, பிள்ளைங்க கையில இருந்து ஒட்டுன முறுக்கு எண்ணெய் எல்லாத்தையும் பார்த்த பெறகு அந்தக் கேமரா என்ன நெலமைல இருக்கு, யாருக்கு எதுக்குப் பயன்படுதுன்னு சொன்னாத்தான் வாங்கப்போறவங்களுக்கு ஏதாவது புரியும், அதான் இவ்வளவு லேட்டா எழுதுதேன்.

நான் போட்டோகிராபர் எல்லாம் இல்ல. திருநெல்வேலில ஆபீஸ் வேலை, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நம்ம கைல. வீட்ல நான், மனைவி, அம்மா, ஒரு பொண்ணு, ஒரு பையன். வாங்கும்போது கணக்கு ரொம்ப சிம்பிளா இருந்துச்சு, 50 எம்எம் பிள்ளைங்களுக்கு, 55-250 கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைகளுக்கு. இன்னைக்கு ஹார்டு டிஸ்க்க தெறந்து பார்த்தா 50ல எடுத்ததுல பாதிக்கு மேல பூச்சி புழு, 250ல எடுத்ததுல பாதிக்கு மேல எங்க வீட்டு ஆளுங்க. இந்த மாறாட்டம் எப்படி ஆச்சுங்கறதுதான் இந்த ரிவ்யூவே.

மொதல்ல 50. 2015ல வந்த லென்ஸ் இது, 160 கிராம்தான், கையில எடுத்தா பொம்மை மாதிரி இருக்கும். எல்லாரும் மொத லென்ஸா இத வாங்குங்கன்னு சொல்லுவாங்க, ஆனா நம்ம வீட்டு ஹால் என்ன அளவுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. 200டில படம் பதியுற சென்சார் சின்னது, அதுல 50 போட்டா ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா கணக்குல 80 எம்எம் மாதிரி ஆயிரும், பத்தடி தள்ளி நின்னு எடுத்தா நாலரை அடி அகலம்தான் உள்ள வரும். அம்மாவையும் பிள்ளைங்களையும் சோபால உக்கார வச்சு எடுக்கணும்னா நான் வாசல் தாண்டி திண்ணைல நிக்கணும், நடுவுல செருப்பு ஸ்டாண்டும் வரும். ஒருத்தர் மூஞ்சிய எடுக்க இதவிட நல்ல லென்ஸ் இந்த வெலைக்கு கெடைக்காது, ஆனா நாலு பேரு சேந்த படம் வேணும்னா பாடி கூட வந்த கிட் லென்ஸ வித்துறாதீங்க.

எஃப் நம்பர் கொறைய கொறைய லென்ஸு வாய் (அப்பர்ச்சர்) பெருசா தெறக்கும், எஃப்/1.8ல ஒரு மீட்டர் தள்ளி இருக்குற மூஞ்சிய எடுத்தா ஃபோகஸ்ல இருக்குற ஆழம் ரெண்டரை சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கூடத்தான். கண்ணு ஷார்ப், காது போச்சு. சும்மா இருக்குற ஆளுக்கு அது அழகு, ஆனா எங்க சின்னவன் சும்மா இருக்குற ஆளா, ஷட்டர் அமுக்குறதுக்குள்ள அஞ்சு சென்டிமீட்டர் முன்னால வந்துருவான். அதனால பிள்ளைங்களுக்கு எஃப்/2.8, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்கு கொறையாம, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்) 3200 வரைக்கும் போனாலும் பரவாயில்லன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டேன், புள்ளி புள்ளியா இருக்குற படத்த ஆல்பத்துல ஒட்டலாம், ஆடுன படத்த ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொரு விஷயம், சில எல்இடி பல்புக்கு கீழ 1/250ல வச்சா ஒரு படம் வெளிச்சமா அடுத்த படம் மங்கலா வரும், நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 1/100க்கு எறக்குனா சரியாயிரும். அப்ப சின்னவன எப்படி எடுக்கன்னு கேட்டா, சாப்பிட்டு முடிச்சு டிவி பார்க்கும்போதுதான்.

சாப்பிடும்போது கேமரா கூடாதுன்னு வீட்ல ஒரு சட்டம் இருக்கு. போட்டது மனைவி. அதுல அவ சொல்றதுதான் நியாயம்.

இப்ப கருவேப்பிலைக்கு வாரேன். பின்னால தொவைக்கிற கல்லு பக்கத்துல ஒரு கருவேப்பிலை மரம் நிக்கு, அதுல இலை மேல காக்கா எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா ஏதோ ஒட்டிட்டு இருக்கும், தொட்டா நகரும். கறிவேப்பிலை அழகின்னு ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கு, அதோட புழுதான் அது. எச்சம் மாதிரி இருந்தா குருவி கொத்தாதுல்ல, அதுக்குத்தான் அந்த வேஷம். நாலு தடவ தோல் உரிச்ச பெறகு பச்சையாயிரும், விரலால லேசா தட்டுனா தலைக்குப் பின்னால இருந்து செவப்பா ரெண்டு கொம்பு நீட்டும், ஒரு நாத்தம் வரும் பாருங்க, பொண்ணுக்கு அதுதான் ரொம்ப பிடிச்ச வெளையாட்டு. புழுவ கொல்லாம விடணும்னு அவளும் நானும் ஒரு கட்சி, அம்மா எதிர்க்கட்சி. "ஏலே, ரசத்துக்கு ரெண்டு கொத்து பறிக்கவா வேண்டாமா, இல்ல புழுகிட்ட கேட்டுட்டு வரணுமா?" கடைசியில மரத்துல கெழக்குப் பக்கம் சமையலுக்கு, மேக்குப் பக்கம் புழுவுக்குன்னு பேசித் தீத்தோம், மருந்து அடிக்கிறதில்ல.

இந்தப் புழுவுக்காக எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குனேன், உள்ள கண்ணாடியே கெடையாது, வெறும் காலி வளையம், பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டணும். வாங்குறதா இருந்தா காண்டாக்ட் பின் உள்ளத வாங்குங்க, பின் இல்லாததுல அப்பர்ச்சர மாத்தவே முடியாது. 50 எம்எம் பின்னால 31 எம்எம் டியூப் போட்டா புழு கிட்டத்தட்ட அதோட நெஜ அளவுக்கே சென்சார்ல விழும், சின்னதுகள கிட்டத்துல எடுக்குறதுக்குன்னே உள்ள மேக்ரோ லென்ஸுக்கு குடுக்குற காசு மிச்சம். ஆனா அந்த தூரத்துல மூச்சு விட்டாலே ஃபோகஸ் போயிரும், ஆட்டோ ஃபோகஸ மறந்துருங்க, ஸ்க்ரீன்ல பத்து மடங்கு பெருசாக்கி வச்சுகிட்டு ஒடம்ப முன்ன பின்ன ஆட்டித்தான் எடுக்கணும். எஃப்/8க்கு மேல வச்சாத்தான் கண்ணும் வாயும் சேந்து வரும், அதுக்கு வெளிச்சம் பத்தாது, அதனால தெர்மாகோல் தட்ட பிடிச்சுகிட்டு நிக்க பொண்ணு, காத்த மறைக்க பையன், அவனுக்கு அட்டைப்பெட்டி. ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டான், அது வேற விஷயம்.

கூட்டுப்புழு ஆனதுக்கு அப்புறம் பத்து நாள் போல ஆகும். பச்சைத் தண்டுல கட்டுனா கூடு பச்சையா இருக்கு, செவுத்துல கட்டுனா பழுப்பா இருக்கு, இத படமா அடுக்கி வச்சு பார்த்தப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. எல்லாக் கூடும் வெடிக்காது, சிலதுல சின்ன ஓட்ட மட்டும் இருக்கும், ஒட்டுண்ணிக் குளவி உள்ள முட்டையிட்டு அதோட குஞ்சு தின்னுட்டு வெளிய வந்துருக்கும். பொண்ணு அதப் பாத்து அன்னைக்கு முழுக்க கோவமா இருந்தா, குளவி மேல. நல்லா வெளிய வர்றதுலயும் ஒரு கூத்து இருக்கு, ஒரே மரத்துப் புழுதான், ஒண்ணு கருப்புல வெள்ளை வரியோட வருது, இன்னொண்ணு பின் ரெக்கைல செவப்புப் பொட்டோட வருது. பொட்டு உள்ளது பெண் பூச்சி, ரோஜா அழகின்னு இன்னொரு வகை மாதிரி வேஷம் போட்டிருக்கு. அந்த ரோஜா அழகி ஆடுதீண்டாப்பாளைய தின்னு வளர்றதுனால ஒடம்புல விஷம் இருக்கும், பறவைங்க தொடாது, இது கருவேப்பிலைய தின்னுட்டு அந்த பேர வச்சு பொழச்சுக்குது. ரெக்கை விரிஞ்சு காயுற வரைக்கும் பறக்காது, அந்த நேரத்துல டியூப கழட்டிட்டு வெறும் 50 போதும். இந்த லென்ஸு குடுத்த படங்கள்ல எனக்கு ரொம்ப பிடிச்சது எல்லாமே இந்த மூணு சதுர அடிக்குள்ள எடுத்ததுதான்.

55-250. 375 கிராம், அந்த அளவு ஸூமுக்கு வெயிட்டே இல்லன்னு சொல்லணும். கூந்தன்குளம் இங்க இருந்து கிட்டத்துல, நாங்குநேரி தாலுகா, 1994ல சரணாலயமா அறிவிச்சது. மணிமுத்தாறு தண்ணி வந்து குளம் நெறஞ்சாத்தான் கூட்டம் கூடும். ஆரம்பிக்கிறவங்களுக்கு அந்த ஊரு மாதிரி எடம் கெடையாது, ஏன்னா சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டும், 250 எம்எம்ல குஞ்சுக்கு ஊட்டுறது வரைக்கும் தெளிவா எடுக்கலாம். ஊர்க்காரங்க அதுகள வெரட்ட மாட்டாங்க, எச்சம் கலந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரமாச்சே. மரத்துல இருந்து விழுற குஞ்சுகள எடுத்து வளர்த்த பால்பாண்டி பேர கேள்விப்படாம அங்க போயிட்டு வரவே முடியாது. ஆனா இமயமலைய தாண்டி வர்ற வரித்தலை வாத்து குளத்து நடுவுல நிக்கும், அதுக்கு 250 பத்தாது, ஒரு புள்ளியாத்தான் தெரியும், க்ராப் பண்ணா புள்ளி கொஞ்சம் பெருசாகும். அங்க 600 எம்எம் வச்சுகிட்டு நிக்கிறவங்கள பார்த்து ஆசைப்படலாம், வீட்டுக்கடன் ஞாபகம் வந்துரும். பிள்ளைங்களோட போனா ஒரு மணி நேரம், அதுக்கு மேல "அப்பா பசிக்கு"ன்னு ஆரம்பிச்சுரும், ஆக வருஷத்துல ரெண்டொரு தடவதான் போக முடியுது.

அப்ப மிச்ச நாளெல்லாம் இந்த லென்ஸு என்ன பண்ணுச்சுன்னா, வீட்ல வேல பாத்துச்சு. பிள்ளைங்க பக்கத்துல போயி கேமராவ நீட்டுனா ஒடனே ரெண்டு விரல தூக்கி போஸ் குடுத்துரும், மாடில இருந்து 200 எம்எம்ல எடுத்தா அதுக பாட்டுக்கு மண்ணுல கெடக்கும். ஸ்போர்ட்ஸ் டேல பெத்தவங்கள கயிறு கட்டி தள்ளி நிறுத்துவாங்க, அங்க 1/1000, நொடிக்கு அஞ்சு படம், ஒண்ணாவது தேறும். வியூஃபைண்டர்ல 9 ஃபோகஸ் பாயிண்ட்தான், நடுவுல உள்ளத மட்டும் வச்சுகிட்டு எடுக்கப் பழகுனா போதும். கொடைல ராத்திரி சாமியாட்டம் எடுக்க மட்டும் இத நம்பாதீங்க, 250ல எஃப்/5.6தான், கை ஆட்டத்த சமாளிக்குற ஸ்டெபிலைசேஷன் அசையுற ஆளுக்கு ஒண்ணும் செய்யாது, அங்க 50தான் ராஜா.

அம்மா காலைல சோறு பொங்குனதும் காக்காய்க்கு ஒரு உருண்ட காம்பவுண்டு செவுத்துல வைப்பாங்க. காக்கா வரும், பின்னாலயே தவிட்டுக்குருவி கூட்டமா வரும், ஏழெட்டு கீழ தின்னும்போது ஒண்ணு மட்டும் முருங்கை மரத்துல ஒசரமா ஒக்காந்து காவல் பாக்கும், பூனை வந்தா அதுதான் மொதல்ல கத்தும். செண்பகப் பறவை சில நாள் வரும். அடுக்களை ஜன்னல்ல இருந்து செவுருக்கு இருவது அடி, 250க்குன்னே அளந்து கட்டுன மாதிரி. கொசுவலைய தெறந்துட்டுதான் எடுக்கணும், வலை வழியா எடுத்தா பால் ஊத்துன மாதிரி ஆயிரும், கம்பி பரவாயில்ல, லென்ஸ கம்பியோட ஒட்டி வச்சா மறைஞ்சே போயிரும். எதையாவது பிரிண்ட் போடுவோமான்னு கேட்டப்ப அம்மா காட்டுனது கூந்தன்குளம் நாரைய இல்ல, அந்த காவக்காரக் குருவிய. "இது நம்ம வீட்டுச் சோத்த தின்ன பய"ன்னாங்க. இப்ப ஃப்ரிட்ஜ் மேல இருக்கு.

பொண்ணு எடுக்குறது வேற மாதிரி. அந்தத் திருப்புற ஸ்க்ரீன் இருக்குல்ல, நான் அத செல்ஃபிக்குன்னு நெனச்சு பெருசா மதிக்கல, அவ கேமராவ தரையோட வச்சுட்டு ஸ்க்ரீன மேல திருப்பி எறும்பு பார்க்குற மாதிரி எடுப்பா, கோலத்துல ஊர்ற எறும்பு, ஆச்சி காலு, கவுந்து கெடக்குற செருப்பு. நான் பறவை தேடி 35 கிலோமீட்டர் போவேன், அவ வாசப்படி தாண்ட மாட்டா. எங்க ரெண்டு பேர் படத்தையும் சேத்து வச்சா அவ எடுத்ததத்தான் சொந்தக்காரங்க கேக்காங்க, சரி இருக்கட்டும்.

மெயின்டெனன்ஸ். மழைக்காலத்துல லென்ஸுக்குள்ள ஃபங்கஸ் (பூஞ்சை) பிடிக்கிறதுதான் பயம், பீரோல துணிக்கு நடுவுல வைக்காதீங்க, காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல்லோட வைக்கலாம், அந்த ஜெல்லோட நீல மணி ரோஸ் ஆச்சுன்னா லேசா வறுத்துட்டு திரும்பப் போடுங்க. அதவிட முக்கியம் அடிக்கடி வெளிய எடுத்து உபயோகிக்கிறது. எடிட்டிங்குக்கு டார்க்டேபிள்னு ஒரு சாஃப்ட்வேர், காசு கெடையாது, கத்துக்க பொறுமை வேணும். பிரிண்ட்டுக்கு மெகாபிக்ஸல் பத்தி கவலையே வேண்டாம், 4க்கு 6 இஞ்சு சைஸுக்கு 300 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) ரெண்டு மெகாபிக்ஸல் போதும், இதுல 24 இருக்கு.

இப்ப எல்லாரும் மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு போயிட்டாங்க, இனிமே இத வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, புதுசா இல்ல, செகண்ட் ஹேண்ட்ல நல்ல வெலைக்கு வந்தா வாங்கலாம். நாளைக்கு கேனானோட ஆர் சீரிஸ் மிரர்லெஸ் பாடி வாங்குனாலும் அடாப்டர் போட்டு இந்த ரெண்டு லென்ஸும் ஓடும். வாங்கும்போது லென்ஸ கழட்டி பின்னால இருந்து டார்ச் அடிச்சு பாருங்க, உள்ள சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ், வேண்டாம். அப்பறம் எஃப்/16ல வச்சு வெள்ளை செவுத்த ஒரு படம் எடுங்க, கருப்புப் புள்ளி தெரிஞ்சா சென்சார்ல தூசி, அதுக்கு பயப்பட வேண்டாம், கிளீன் பண்ணிரலாம், அத சொல்லி ஐநூறு ரூவா கொறைச்சுக் கேளுங்க.