தென்னந்தோப்பா, சன்னலோர மேசையா? லெகோ படம் எடுக்க எது தோது

ஒன்றோடொன்று செருகும் பிளாஸ்டிக் கட்டைகளான லெகோவில் முதல் வீட்டைக் கட்டிவிட்டீர்கள், சரி. அதை எங்கே வைத்துப் படம் எடுப்பது?

பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தென்னந்தோப்பு கைக்கெட்டும் தூரம். லெகோ பொம்மை மனிதனின் உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். போனைத் தரையோடு தரையாக வைத்தால் ஒரு செம்மண் கட்டி அவனுக்குப் பாறை, வாய்க்கால் ஓரப் புல் பெருங்காடு. இந்த அழகு மேசையில் வரவே வராது. ஆனால் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பொம்மை ஆளைச் சாய்த்துக்கொண்டே இருக்கும். குமிழ் வைத்த சின்ன லெகோ தட்டு ஒன்றை மண்ணுக்குள் புதைத்து, அதன் குமிழில் அவன் காலைச் செருகினால் நிற்பான். உச்சி வெயில் வேண்டாம்; பளபளப்பான பிளாஸ்டிக்கில் கண் கூசும். மண்ணை ஊதித் தள்ளுங்கள், துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

மேசையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பின்னால் வளைத்து வைத்த வெள்ளை சார்ட், சன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான். நிழல் மென்மையாக விழும்.

புதியவர்கள் ஒரு மாதம் மேசையில் பழகட்டும் என்பேன். அப்புறம் விடியற்காலையில் தோப்புக்குப் போகலாம்.